கணக்குப் போடாமல் வாங்கிய பேட்டரி

2005 மே 5 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கார்ட்டோசாட்-1 உடன் ஏவப்பட்ட ஹாம்சாட், உலகெங்கும் உள்ள ஹாம் வானொலியாளர்களுக்காக இந்தியா அனுப்பிய சிறு செயற்கைக்கோள். 42.5 கிலோ எடையுள்ள அது, எதிர்பார்த்த காலத்தைப் பன்மடங்கு தாண்டி 2014 ஜூலை வரை உழைத்தது. அதன் பணி முடிந்ததற்குக் காரணம் பேட்டரி செயலிழந்தமை. விண்ணில் நிகழ்ந்த இம்முடிவு தரையில் அன்றாடம் நிகழ்வதுதான். களத்தில் ஒரு வானொலி நிலையம் ஊமையாகும்போது பெரும்பாலும் பழுதுபட்டிருப்பது கருவி இல்லை. அதற்கு மின்சாரம் தரும் பெட்டி. ஆயினும் இந்திய ஹாம் வட்டங்களில், குறிப்பாகக் கல்லூரி வானொலி மன்றங்களில், கருவியைப் பற்றி ஒரு மாதம் விவாதிக்கிறார்கள். ஆண்டெனாவைப் பற்றி ஒரு வாரம் விவாதிக்கிறார்கள். பேட்டரியையோ கடைசி நாளில் கடைக்காரர் சொல்லும் சொல்லை நம்பி வாங்குகிறார்கள்.

இந்தப் பழக்கத்தை எளிய கவனக்குறைவு என்று தள்ளிவிட இயலாது. 2004 டிசம்பரில் அந்தமானுக்குச் சென்றிருந்த பாரதி பிரசாத் தலைமையிலான ஹாம் குழு, 26ஆம் நாள் ஆழிப்பேரலைக்குப் பின் தீவுகளுக்கும் பெருநிலத்துக்கும் இடையே செய்தி கொண்டுசென்றது. அந்த நிகழ்வுக்குப் பிறகு 'பேரிடர்த் தொடர்பு' என்ற சொல் ஹாம் வானொலியின் நியாயமாகவே ஆகிவிட்டது. மன்றம் தொடங்க நிதி கேட்கும் ஒவ்வொரு விண்ணப்பத்திலும் அச்சொல் இடம்பெறுகிறது. அப்படியானால் அந்த வாக்குறுதியின் எடையைத் தாங்க வேண்டியது பேட்டரியும் சார்ஜரும். அவற்றைக் கணக்குப் போடாமல் தேர்ந்தெடுக்கும் மன்றம், நிறைவேற்ற இயலாத வாக்குறுதியை அளித்திருக்கிறது.

மன்றங்களின் களப்பைகளில் இரண்டு வகைப் பேட்டரிகளே அதிகம் தென்படுகின்றன. ஒன்று, பழைய யு.பி.எஸ். பெட்டியிலிருந்து கழற்றிய 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி ஈய அமில பேட்டரி. மற்றொன்று, இணையச் சந்தையில் மலிவாகக் கிடைக்கும் உருளை லித்தியம் மின்கலங்களை நீல உறைக்குள் அடுக்கிய பொட்டலம். முதலாவதை விரும்புவோர் 'கனமாக இருந்தால் உறுதியாக இருக்கும்' என்கிறார்கள். இரண்டாவதை விரும்புவோர் 'இலகுவாக இருந்தால் நவீனமாக இருக்கும்' என்கிறார்கள். இரு சாராரும் ஒரே தவற்றைச் செய்கிறார்கள்: தம் வானொலி ஒரு நாளைக்கு எவ்வளவு ஆற்றலை உண்கிறது என்று கேட்காமலே விடை சொல்கிறார்கள்.

கணக்கு கடினமானதன்று, பள்ளி மாணவர் போடக்கூடியது. 5 வாட் திறன் கொண்ட கையடக்கக் கருவி ஒன்றை எடுத்துக்கொள்வோம். கேட்கும்போது 0.4 ஆம்பியர், பேசும்போது 2 ஆம்பியர் இழுக்கிறது என்க. பொழுதில் ஐந்தில் ஒரு பங்கு பேச்சு, மீதம் கேட்பு. 0.4-இன் ஐந்தில் நான்கு பங்கு 0.32, 2-இன் ஐந்தில் ஒரு பங்கு 0.4, ஆகச் சராசரி 0.72 ஆம்பியர். எட்டு மணி நேரத்துக்கு 5.76 ஆம்பியர்-மணி. 12.8 வோல்ட்டில் அது ஏறத்தாழ 74 வாட்-மணி. இருபத்தைந்து விழுக்காடு போல் கையிருப்பு சேர்த்தால் ஏறக்குறைய 100 வாட்-மணி வேண்டும். இந்த எண் கையில் இல்லாமல் எந்தப் பேட்டரி சிறந்தது என்று வாதிடுவது, பயணத்தின் தூரம் தெரியாமல் பெட்ரோலின் அளவை வாதிடுவதாகும்.

இக்கணக்கில் மறைந்துள்ள இன்னோர் உண்மையும் உண்டு. பேச்சு குறைந்து காத்திருப்பு நீளும் பேரிடர்க் கண்காணிப்பில் ஆற்றலைத் தின்பது கேட்கும் நேரமே. 0.4 ஆம்பியர் இழுக்கும் கருவி இருபத்துநான்கு மணி நேரம் கேட்டுக்கொண்டிருக்க 9.6 ஆம்பியர்-மணி தேவை. எலெக்ராஃப்ட் கே.எக்ஸ்.2 போன்ற, 0.135 ஆம்பியர் அளவில் கேட்கும் கருவிக்கு 3.24 போதும். ஆகவே எடைக்குறைப்பு பேட்டரிக் கடையில் தொடங்குவதில்லை. கருவியின் விவரக்குறிப்பேட்டில், அனைவரும் தாண்டிச் செல்லும் 'கேட்பு மின்னோட்டம்' என்ற வரியில் தொடங்குகிறது.

இனி ஈய அமிலத்தின் பக்கம். 7 ஆம்பியர்-மணி என்ற எண் இருபது மணி நேரத்தில் மெதுவாக வடித்தால் கிடைப்பது. வேகமாக இழுத்தால் குறையும். ஒரு மணி நேரத்தில் தீர்க்க முனைந்தால் ஏறத்தாழ ஐந்தில் மூன்று பங்கே மிஞ்சும். மேலும், நீடித்து உழைக்க வேண்டுமெனில் பாதிக்கு மேல் வடிக்கக் கூடாது. மேற்சொன்ன 5.76 ஆம்பியர்-மணியை அப்படிப் பெற 12 ஆம்பியர்-மணி பேட்டரி தேவை. அதன் எடை நான்கு கிலோவை நெருங்கும். அதே பணியைச் செய்யும் லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி, கையிருப்பையும் சேர்த்து ஒரு கிலோவை ஒட்டியே நிற்கும்.

மூன்று கிலோ வேறுபாடு என்ன பெரிது என்று கேட்போர் உண்டு. அக்கேள்வியைக் கேட்பவர் பொதுவாகப் பையைச் சுமப்பவர் அல்லர். வெள்ளம் வடியாத சாலையிலும் மலைப்பாதையிலும் வாகனம் ஓரிடத்தில் நின்றுவிடும். அங்கிருந்து கருவி, ஆண்டெனாக் கம்பி, கயிறு, குடிநீர், உணவு, மழைத்துணி அனைத்தும் தோளில் ஏறும். களப்பை பத்துக் கிலோவைத் தாண்டும்போது வயது முதிர்ந்த அனுபவசாலியும் உடல் வலிமை குறைந்த மாணவரும் 'கட்டுப்பாட்டு அறையில் இருங்கள்' என்று கனிவாக ஒதுக்கப்படுகிறார்கள். யார் களத்துக்குப் போகலாம் என்பதை எந்த விதியும் எழுதாமலே ஒரு பேட்டரி தீர்மானித்துவிடுகிறது. மாணவியர் சேர்க்கை குறைவு என்று ஆண்டறிக்கையில் வருந்தும் மன்றங்கள், ஒருமுறை தம் களப்பையைத் தராசில் வைத்துப் பார்க்கலாம்.

ஈயத்தின் ஆதரவாளர் சொல்லும் வலுவான வாதம் ஒன்று உண்டு. அதை மறைப்பது நேர்மையாகாது. ஈய அமில பேட்டரி சிற்றூரிலும் கிடைக்கும். இன்வெர்ட்டர் பழுதுபார்ப்பவர் எவருக்கும் அதைத் தெரியும். பழையதைக் கொடுத்தால் விலையில் கழிவு கிடைக்கும். உருக்கி மறுபயன்பாட்டுக்கு அனுப்பும் வழியும் நெடுங்காலமாக உள்ளது. இவை அனைத்தும் உண்மை. ஆனால் இவை ஓரிடத்தில் நிலையாக இருக்கும் நிலையத்துக்கும், கட்டட உச்சியிலுள்ள ரிப்பீட்டருக்கும் பொருந்தும் உண்மைகள். நகராத பொருளுக்கான நியாயத்தை நடந்து செல்வோரின் தோளில் ஏற்றுவதுதான் பிழை.

மறுபக்கத்தில் உள்ள 'நவீன' அணியின் பிழை இதைவிட ஆபத்தானது. 18650 என்னும் உருளை மின்கலத்தின் விட்டம் 18 மில்லிமீட்டர், நீளம் 65 மில்லிமீட்டர். இந்தக் கொள்ளளவுக்குள் தரமான தயாரிப்பாளர்கள் அடைத்திருக்கும் உச்சம் ஏறத்தாழ 3500 மில்லிஆம்பியர்-மணி. 9900 என்று அச்சிட்ட மின்கலம் மின்வேதியியல் விந்தையன்று, வெறும் பொய். பொறியியல் படிப்போர் கூட அவ்வெண்ணை நம்பி வாங்குவது, பாடத்தில் படித்த ஆற்றல் அடர்த்தி தேர்வுத்தாளோடு முடிந்துபோகிறது என்பதற்குச் சான்று.

பவர் பேங்க் எண்ணும் இத்தகையதே, அது பொய்யாக இல்லாதபோதும். 20,000 மில்லிஆம்பியர்-மணி என்பது உள்ளே இருக்கும் 3.7 வோல்ட் மின்கலத்தின் கணக்கு. அதாவது 74 வாட்-மணி. அதை 12 வோல்ட்டுக்கு உயர்த்தும்போது மாற்ற இழப்பு போக ஐந்து ஆம்பியர்-மணி அளவே கிடைக்கும். ஆகவே மில்லிஆம்பியர்-மணியில் பேசுவதை ஹாம் மன்றங்கள் கைவிட வேண்டும். வெவ்வேறு வோல்ட்டேஜ் கொண்ட பேட்டரிகளை ஒப்பிட வாட்-மணி ஒன்றே பொது அளவை.

அளவை சரியானாலும் வோல்ட்டேஜ் பொருந்த வேண்டும். பெரும்பாலான 100 வாட் கருவிகள் 13.8 வோல்ட்டில், 15 விழுக்காடு கூடவோ குறையவோ இயங்கும்படி அமைக்கப்பட்டவை, அதாவது 11.7 முதல் 15.9 வரை. மடிக்கணினிகளில் உள்ள நிக்கல்-கோபால்ட் வகை லித்தியம் மின்கலங்கள் மூன்றைத் தொடராக இணைத்தால் முழு மின்னேற்றத்தில் 12.6 வோல்ட், தீரும்போது 9 வோல்ட். 11.7-ஐ அது தன் ஆற்றலின் சிறு பகுதியைக் கொடுத்த உடனேயே கடந்து இறங்கிவிடும். நான்கை இணைத்தாலோ முழு மின்னேற்றத்தில் 16.8; கருவியின் மேல் எல்லையை மீறும். மூன்று போதாது, நான்கு மிகும். யேசு எஃப்.டி.-818 போன்று 8 முதல் 16 வோல்ட் வரை ஏற்கும் சிறு கருவிக்கு மூன்றின் தொடர் பொருந்தும், பிறவற்றுக்குப் பொருந்தாது. ஈய அமிலத்துக்கும் இதே சோதனை உண்டு. பாதி தீர்ந்த ஈய பேட்டரியிலிருந்து இருபது ஆம்பியர் இழுக்கும் கணத்தில் வோல்ட்டேஜ் சரிந்து, உள்ளே ஆற்றல் இருந்தும் கருவி அணையும்.

லித்தியம் இரும்பு பாஸ்பேட் நான்கின் தொடர் 12.8 வோல்ட் பெயரளவு கொண்டது. முழு மின்னேற்றத்தில் 14.6. வடியும் காலத்தின் பெரும்பகுதியில் 13 வோல்ட்டை ஒட்டியே நிற்கும். கருவி எதிர்பார்க்கும் எல்லைக்குள் இயல்பாகவே அமரும் இலகுவான வேதியியல் இது ஒன்றே. இதை ஓர் அயல்நாட்டு ஆடம்பரம் என்று ஒதுக்குவோர் அதன் வரலாற்றையும் அறியவேண்டும். பல்லணு எதிரயனிச் சேர்மங்களை மின்வாயாக்கும் வழியை 1980களில் ஜான் குட்இனஃப்புடன் ஆராய்ந்தவர் தமிழகத்தில் பிறந்த அருமுகம் மந்திராம். 1997இல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்திலிருந்து வெளியான, இரும்பு பாஸ்பேட்டை அறிமுகப்படுத்திய ஆய்வுரையின் ஆசிரியர்களில் ஏ. கே. பாடி, கே. எஸ். நஞ்சுண்டசுவாமி ஆகிய இந்தியர் இருவரும் உண்டு. அதைப் பாடமாக நடத்தும் துறைகளின் மாடியிலேயே மாணவர்கள் ஈயத்தைச் சுமக்கிறார்கள்.

'லித்தியம் தீப்பிடிக்கும்' என்ற அச்சத்துக்கும் விடை வேண்டும். லித்தியம் என்ற ஒரே பெயரின் கீழ் வெவ்வேறு இயல்புடைய வேதியியல்கள் உள்ளன. பாஸ்பேட்டில் ஆக்சிஜன் பாஸ்பரசுடன் வலுவாகப் பிணைந்திருப்பதால், சூடேறும்போது அது எளிதில் விடுபட்டுத் தீக்கு உணவாவதில்லை. கோபால்ட் வகைகளைவிட இது மிகவும் நிதானமானது. அதனால் அது தீப்பிடிக்கவே பிடிக்காது என்று விளம்பரம் செய்வதும் பிழை. குறுக்குச்சுற்று ஏற்பட்டால் எந்தப் பேட்டரியும் கம்பியைப் பழுக்கக் காய்ச்சும். பேட்டரியின் நேர்முனைக்கு அருகிலேயே ஃபியூஸ் வைக்காத களப்பைக்கு எந்த வேதியியலும் பாதுகாப்புத் தராது.

இந்தப் பேட்டரிக்கும் குறைகள் உண்டு. அறியாமல் வாங்குவோர் களத்தில் ஏமாறுவர். அதன் வோல்ட்டேஜ் சமமாக நிற்பதே ஒரு குறையாகவும் மாறுகிறது: வோல்ட்மீட்டரைப் பார்த்து எவ்வளவு மிச்சம் என்று ஊகிக்க இயலாது. கடைசியில் உள்ளிருக்கும் பாதுகாப்புச் சுற்று முன்னறிவிப்பின்றித் துண்டித்துவிடும். சென்ற ஆற்றலை எண்ணிக்காட்டும் சிறு வாட்-மணி மீட்டர் ஒன்றைப் பையில் சேர்ப்பதே தீர்வு. உறைநிலைக்குக் கீழ் மின்னேற்றினால் உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து பேட்டரி கெடும். லடாக்கிலோ ஸ்பிதியிலோ குளிர்காலத்தில் நிலையம் அமைப்போர் இதை மறக்கலாகாது. மின்னேற்றத்துக்கான மேல் எல்லை பொதுவாக 45 பாகை செல்சியஸ். மே மாத வெயிலில் மூடிய காருக்குள் வைத்து மின்னேற்றுவோர் அதையும் மறக்கலாகாது.

பேட்டரி பற்றியாவது சிலர் பேசுகிறார்கள். சார்ஜரைப் பற்றிப் பேசுவோர் அரிது. 'ஏதோ ஒரு சார்ஜர்' என்ற சொற்றொடர்தான் களப்பையின் மிக ஆபத்தான பொருள். மூன்று மின்கலத் தொடருக்கு 12.6 வோல்ட், பாஸ்பேட் நான்குக்கு 14.6, கோபால்ட் வகை நான்குக்கு 16.8. இம்மூன்று சார்ஜர்களும் பெரும்பாலும் ஒரே 5.5 மில்லிமீட்டர் வட்ட முனையுடன் விற்கப்படுகின்றன. 14.6 வோல்ட் சார்ஜரை 12.6 வோல்ட் பொட்டலத்தில் செருகுவதைத் தடுக்க அந்த முனையால் இயலாது. உள்ளிருக்கும் பாதுகாப்புச் சுற்று ஒன்றே தடை, மலிவுப் பொட்டலங்களில் அதுவும் நிச்சயமில்லை. ஈய பேட்டரி சார்ஜர்கள் சில, படிந்த சல்பேட்டைக் கரைக்க உயர் வோல்ட்டேஜ் துடிப்புகளை அனுப்பும்; அவை லித்தியத்தின் பாதுகாப்புச் சுற்றைப் பாழாக்கலாம். மன்றம் ஒரே வேதியியலைத் தேர்ந்து, அதற்கு ஒரே வகை சார்ஜரையும் ஹாம்களிடையே வழக்கிலுள்ள பவர்போல் இணைப்பியையும் வகுத்துவிட்டால், களைத்த கைகள் இருட்டில் தவறாகச் செருகும் வாய்ப்பே இராது.

சார்ஜருக்கு இன்னொரு சோதனையும் உண்டு. கடைக்காரர் அதை அறியார். இலகுவான சார்ஜர் அனைத்தும் ஸ்விட்ச்சிங் வகை. வடிகட்டி இல்லாத மலிவுச் சார்ஜர் சிற்றலை அலைவரிசையில் இரைச்சலை வாரி இறைக்கும். இரைச்சல் 6 டெசிபெல் உயர்ந்தால், அதே தெளிவோடு கேட்க எதிரே இருப்பவர் நான்கு மடங்கு திறனில் பேச வேண்டும். வெள்ளத்தில் சிக்கி, தீரும் பேட்டரியோடு இரண்டு வாட்டில் அழைப்பவரை எட்டு வாட்டில் பேசச் சொல்ல எவருக்கும் உரிமையில்லை. சூரியத் தகட்டுக்கான எம்.பி.பி.டி. கட்டுப்படுத்திகள் பலவற்றிலும் இக்குறை உண்டு. சோதிக்கும் முறை எளிது: 7 மெகாஹெர்ட்ஸில் கருவியை வைத்து, சார்ஜரை அணைத்தும் இயக்கியும் கேட்க வேண்டும். இரைச்சல் ஏறினால் அதைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், எத்தனை கிராம் இலகுவாக இருந்தாலும்.

சூரியத் தகட்டைப் பற்றிய மிகைநம்பிக்கையும் கணக்கின் முன் நிற்பதில்லை. 20 வாட் தகடு, நல்ல வெயில் நான்கரை மணி நேரம் கிடைத்தால், இழப்பு போக 60 வாட்-மணியை ஒட்டித் தரும். மேற்சொன்ன 74 வாட்-மணித் தேவையை அது நிறைவு செய்யாது. ஆனால் ஒரு நாள் பேட்டரியைப் பல நாள் நீட்டும். புயலுக்கு மறுநாள் மேகம் கவிந்திருக்கும் என்பதையும் நினைவில் கொண்டால், தகடு துணையே தவிர அடிப்படை ஆகாது.

அடுத்தது பயணம். பேரிடர்ப் பகுதிக்கு விமானத்தில் செல்லும் குழுவுக்கு, தனி லித்தியம் பேட்டரி ஒவ்வொன்றும் 100 வாட்-மணிக்குள் இருக்க வேண்டும். அவை கைப்பையில்தான் செல்ல வேண்டும். 100 முதல் 160 வரை விமான நிறுவனத்தின் ஒப்புதல் தேவை. 8 ஆம்பியர்-மணி பாஸ்பேட் பேட்டரி 102 வாட்-மணி. இரண்டு வாட்-மணி மிகுதியால் அது ஒப்புதலுக்குக் காத்திருக்கும் வரிசைக்குத் தள்ளப்படும். 4 ஆம்பியர்-மணி பேட்டரி இரண்டு, ஒவ்வொன்றும் 51 வாட்-மணி, தடையின்றிச் செல்லும். ஒன்று இயங்கும்போது மற்றொன்று மின்னேறும். ஒன்று பழுதானால் மற்றொன்று இருக்கும். சுமையை இருவர் பகிரலாம். இரண்டு ஆம்பியர் சார்ஜர் ஒன்று இரண்டுக்கும் போதும். பெரிய பேட்டரி ஒன்றைவிடச் சிறிய பேட்டரி இரண்டு மேல் என்ற இம்முடிவு எந்த விளம்பரத்திலும் இல்லை. கணக்குப் போட்டவருக்கே கிட்டும்.

'100 வாட் இல்லாமல் பேரிடரில் என்ன செய்வது' என்பது கடைசி வாதம். 5 வாட்டிலிருந்து 100 வாட்டுக்கு உயர்ந்தால் கிடைப்பது 13 டெசிபெல். எதிர்முனையின் மீட்டரில் இரண்டு எஸ்-அலகுக்குச் சற்று மிகுதி. அதற்கு விலையாகப் பேசும்போதைய மின்னோட்டம் 2 ஆம்பியரிலிருந்து 20 ஆம்பியருக்கு ஏறுகிறது. முறையாக உயர்த்திக் கட்டிய டைபோல் ஆண்டெனா, சில நூறு கிராம் கம்பியிலேயே அந்த இடைவெளியில் கணிசமான பகுதியை மீட்டுத் தரும். குரலுக்குப் பதில் மோர்ஸ் குறியீட்டைப் பயன்படுத்தினால் இன்னும் ஒரு பகுதி மீளும். சில வேளைகளில் 100 வாட் தவிர்க்க இயலாததே. அதற்கு வாகனமும் ஜெனரேட்டரும் உள்ள தளநிலையம் இருக்கிறது. தோளில் சுமக்கும் நிலையத்தின் பணி அதுவன்று.

இவ்வளவும் தெரிந்த பின்னும் தவறான பேட்டரி வாங்கப்படுவதற்குக் கல்வி நிறுவனங்களின் கொள்முதல் முறை ஒரு காரணம் எனக் கூறப்படுகிறது. 'குறைந்த விலைப்புள்ளிக்குத்தான் தர முடியும்' என்ற அச்சொல் பாதி உண்மை. தொழில்நுட்பத் தகுதி பெற்ற விலைப்புள்ளிகளுக்குள்தான் குறைந்தது தேடப்படுகிறது. அத்தகுதியை எழுதுபவர் துறைப் பேராசிரியர். '12 வோல்ட் பேட்டரி, 1 எண்ணிக்கை' என்று எழுதிவிட்டு ஒப்பந்த விதியைப் பழிப்பது முறையன்று. வேதியியல், வாட்-மணி, தொடர்ந்து இழுக்கக்கூடிய மின்னோட்டம், பாதுகாப்புச் சுற்று, மின்னேற்ற வோல்ட்டேஜ், பொருந்தும் சார்ஜர், இணைப்பி, ஐ.எஸ். 16046 தரப்படி பி.ஐ.எஸ். பதிவு எண்: எட்டு வரிகள் போதும். 9900 என்று அச்சிட்ட பொட்டலங்கள் முதல் சுற்றிலேயே விழுந்துவிடும். பாஸ்பேட்டின் தொடக்க விலை ஈயத்தைவிட மிகுதி என்பது மெய். அது தாங்கும் மின்னேற்றச் சுழற்சிகள் அதைவிடப் பன்மடங்கு மிகுதி என்பதும் மெய். ஆயுள் முடிந்தபின் 2022ஆம் ஆண்டுப் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி திரும்பப் பெறும் பொறுப்பு உற்பத்தியாளருடையது என்பதையும் ஆணையில் குறிப்பிடலாம்.

ஹாம் வானொலித் தேர்வு எழுதுவோர் ஓம் விதியைக் கற்கிறார்கள். திறனுக்கான சூத்திரத்தைக் கற்கிறார்கள். உரிமம் பெற்று வி.யு.2, வி.யு.3 என்று அழைப்புக்குறியும் அடைகிறார்கள். அவ்விரு சூத்திரங்களையும் தம் சொந்தக் களப்பையின் மீது ஒருமுறைகூடப் பயன்படுத்தாத மன்றம் எத்தனை பயிலரங்கம் நடத்தினாலும் பயனில்லை. ஒவ்வொரு மன்றமும் அடுத்த கூட்டத்தில் ஒரே ஒரு பணியைச் செய்யட்டும்: களப்பையை அப்படியே எடுத்துச் சென்று, மின்சார இணைப்பு இல்லாத திடலில் நிலையம் அமைத்து, பேட்டரி தீரும்வரை இயக்கி, எத்தனை மணி நேரம் நின்றது என்று பலகையில் எழுதட்டும். அந்த எண்ணுக்கும் நிதி விண்ணப்பத்தில் எழுதிய எண்ணுக்கும் உள்ள வேறுபாட்டுக்கு மன்றத்தின் பொறுப்பாசிரியர் விடை சொல்லட்டும்.